கூதிர்காலத்து டயர்கள்

புறநானூற்றின் 102ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிறு வியப்பு எழும். ஒளவையார் பாடியது, அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டி கட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகளோ இளையவை, நுகத்துக்கு இன்னும் பழகாதவை. ஏற்றிய பாரமோ பெரிது. வழியில் பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கும், மேட்டில் ஏற வேண்டியிருக்கும்; எந்த இடத்தில் என்ன நேரும் என்று யார் கண்டார்கள்? ஆகவே வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். பொகுட்டெழினி அத்தகையவன் என்பதுதான் புலவர் சொல்ல வந்தது. ஆனால் உவமைக்குள் இருக்கும் அந்த வண்டி, உவமையை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றுவிடுகிறது.

“ஸ்டெப்னிங்களா ஐயா?” என்று சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. ஸ்டெப்னிதான் என்றேன். அந்த மாணவரின் தந்தை முடிச்சூரில் குட்டியானை ஓட்டுபவர் என்பது பிறகு தெரிந்தது. உரையாசிரியர்கள் எவரும் தராத விளக்கத்தை அவர் ஒரே சொல்லில் தந்துவிட்டார்.

சங்கப் பாடல்களில் தேர் வராத முல்லைப் பாட்டு குறைவு. மழை தொடங்கிவிட்டது, வினை முடிந்துவிட்டது, தலைவி காத்திருக்கிறாள், விரைந்து செலுத்து என்று தலைவன் பாகனிடம் சொல்கிறான். ஈர நிலத்தைக் கிழித்துக்கொண்டு சக்கரம் போகிறது. பூவில் தேன் உண்ணும் வண்டுகள் அஞ்சிவிடக் கூடாதே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்த தலைவனும் அகநானூற்றில் உண்டு. இவற்றிலெல்லாம் புகழப்படுவது பாகனின் திறமை. சக்கரம் என்ன ஆயிற்று, அச்சு தாங்கியதா என்று கேட்பவர் அரிது. ஒளவையார் ஒருவர்தான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (இது ஆராய்ச்சி முடிவன்று, வாசகனின் சாய்வு.)

இந்த எண்ணம் வகுப்பறையோடு நின்றிருக்கும், நான் தாம்பரத்தில் வசிக்காதிருந்தால்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தவர்கள் நாம். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கார் என்ற சொல்லுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருளை வைத்து மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே வேடிக்கையைச் சொல்வார்கள். நானும் ஆண்டுதோறும் சிரிப்பேன். ஆனால் சென்னையின் தென்புறத்தில் கார்களைச் சோதிப்பது கூதிர்ப் பொழுதுதான். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் இங்கே கொட்டுகிறது. குளிர்நாட்டவர் பனியைக் கண்டு அஞ்சுவதுபோல் நாம் அஞ்ச வேண்டிய பருவம் இது. நமக்கு வின்டர் என்பது தண்ணீர்.

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த ஒருவர் பல ஆண்டுகளாகக் கால் டாக்சி ஓட்டுகிறார். மண்ணிவாக்கத்தில் வீடு. கடனில் வாங்கிய வண்டி. புத்தகக் கண்காட்சிக்கோ விமான நிலையத்துக்கோ போக வேண்டியிருந்தால் அவரைத்தான் அழைப்பேன். வழியெல்லாம் பேச்சு, அவர் பேச்சில் பாதி சாலையைப் பற்றியது. சாலை என்றால் திசையோ தொலைவோ அல்ல, தரை. தரையின் தன்மையை நிலம் நிலமாகப் பிரித்து வைத்திருக்கிறார். தொல்காப்பியம் படித்தவர் அல்லவா?

அவர் சொன்னவற்றை நினைவிலிருந்து எழுதுகிறேன். மிகவும் வழுக்குவது பெருமழை அன்று, முதல் மழையின் முதல் அரை மணி. பல வாரங்களாகத் தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் டயர்த் துகளும் தூறலில் குழைந்து, இட்லித் தட்டில் தடவிய எண்ணெய்போல் ஒரு படலமாகின்றன. மழை வலுத்துக் கழுவிவிட்டால் தார் மறுபடி பிடிமானம் தருகிறது. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் நின்று புறப்படும் இடங்களில் தார் தேய்ந்து பளபளத்துக் கிடக்கும்; அங்கே பிரேக்கை அழுத்தக் கூடாது, வருட வேண்டும். பாதசாரிகளுக்காகப் போட்ட வெள்ளைப் பட்டைகள் ஈரத்தில் கண்ணாடி. மேடவாக்கத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மெட்ரோ பணிக்காகத் தோண்டிய இடங்களில் பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருந்தால் இரு சக்கர வண்டிக்காரர் அதன் மேல் வண்டியைச் சாய்த்துத் திருப்பவே கூடாது. பெரும்பாக்கம் பக்கம் கட்டட வேலை நடக்கும் மனைகளிலிருந்து வெளியே வரும் லாரிகள் தம் சக்கரங்களில் களிமண்ணை ஏந்திவந்து நூறு அடி தூரத்துக்குச் சாலையில் பூசிவிட்டுப் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணல். காய்ந்தால் ஒரு குணம், நனைந்தால் ஒரு குணம். முடிச்சூர்ச் சாலையில் தண்ணீர் தேங்கினால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. முன்னே போகும் வண்டி எந்த இடத்தில் குலுங்கியது என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு அதே தடத்தை விட்டு விலகிப் போக வேண்டும்.

“எல்லாத்தையும்விட வெளிவட்டச் சாலைதான் ஐயா பயம்” என்றார் ஒருநாள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் அகன்ற சாலை அது. குண்டும் குழியும் இல்லாத நல்ல சாலை எப்படிப் பயமாகும் என்று கேட்டேன். “நல்லா இருக்கறதாலதான். எண்பதுல போவோம். ஓரத்துல தண்ணி ஒரு விரக்கடை நிக்கும். அது மேல ஏறினதும் ஸ்டியரிங் லேசாயிடும். கையில எடையே இருக்காது. வண்டி நம்மகிட்ட இல்லைன்னு அப்பத்தான் தெரியும்.”

இது என்ன என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு காரின் நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம், டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட இரும்பும் அதற்குள் இருக்கும் மனிதர்களும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே போகிறார்கள். டயரின் மேல் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் (நம் ஓட்டுநர்கள் இதைப் ‘பட்டன்’ என்பார்கள்) அழகுக்கோ, உலர்ந்த சாலையில் பிடிப்பதற்கோ ஏற்பட்டவை அல்ல. உலர்ந்த தாரில் வரியே இல்லாத ரப்பர்தான் நன்றாகப் பிடிக்கும். பந்தயக் கார்களின் டயர் அப்படித்தான் இருக்கிறது. வரிகள் தண்ணீருக்காக. சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே அகப்படும் நீரை அவை ஒவ்வொரு நொடியும் வாரிப் பக்கவாட்டில் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடினால், அல்லது வரியின் ஆழம் குறைந்தால், எறிவதற்கு நேரமோ இடமோ போதாது. அப்போது டயருக்கு முன்னால் நீர் குவிந்து ஆப்புப்போல் உள்ளே நுழைகிறது. டயர் நீரின் மேல் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும் தொடர்பறுந்த உறுப்புகள்.

புதிய கார் டயரில் வரியின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். நம் மோட்டார் வாகன விதிகள் காருக்கு 1.6 மில்லிமீட்டரையும் இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டரையும் கடைசி எல்லையாக வைத்திருக்கின்றன. அந்த எல்லையைக் காட்டுவதற்கென்றே வரிப்பள்ளத்தின் அடியில் சிறு சிறு மேடுகளை வார்த்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. ஆனால் எல்லை வரை டயர் ஒரே குணத்தோடு இருந்து, எல்லையைத் தாண்டியதும் திடீரென்று கெட்டுப்போவதில்லை. உலர்ந்த சாலையில் இரண்டு மில்லிமீட்டர் டயர் குறையொன்றும் காட்டாது. கோடை முழுவதும் நண்பனாக இருந்துவிட்டு ஐப்பசியில் கைவிடும்.

சேலையூர்ப் பக்கம் ஒரு பஞ்சர் கடை. அதன் உரிமையாளர் கேரளத்திலிருந்து வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் பேசும் தமிழில் மலையாளம் கலந்திருப்பதா, மலையாளத்தில் தமிழ் கலந்திருப்பதா என்று சொல்ல முடியாத நிலை. அவர் டயரை வாசிப்பவர். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஓர் ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் போய்விட்டது. அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தால் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டும் ஆள். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3519 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் வார்த்தது. கல்வெட்டில் ஆட்சியாண்டு பார்ப்பதுபோல. வரி ஆழமாக இருந்தும் ஆண்டு பழையதானால் ரப்பர் இறுகியிருக்கும். இறுகிய ரப்பருக்கு ஈரத்தில் பிடிமானம் குறைவு. ஓடாமலே நின்ற காரின் டயர் நல்ல டயர் என்று நம்புகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

அவர் சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு. எஃப்.சி. காட்டப் போகும் வண்டிகள் சில, அன்றைக்கு மட்டும் நல்ல டயரை எங்கிருந்தாவது வாங்கி மாட்டிக்கொண்டு போகும். சான்றிதழ் வந்ததும் பழைய டயர் மறுபடி ஏறிவிடும். தேர்வன்று மட்டும் படிக்கும் மாணவர்களை முப்பது பேர் ஒரு வகுப்பில் கண்டுவரும் எனக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. தேர்வு நடத்துகிறவர்களும் இதை அறிவார்கள் என்பதும் பழகியதுதான்.

பெருவெள்ளத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருக்குள் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம். அவ்வளவு நீரில் டயரின் வரி பயனற்றது. சொல்லப்போனால் காற்றடைத்த டயரே வண்டியை மிதக்கச் செய்யும் பொருள்களில் ஒன்றாகிவிடுகிறது. இரண்டடி நீர் ஓடினால் போதும், பெரும்பாலான கார்கள் தரையை விட்டு எழும்பிவிடும். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தம் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வீடு திரும்பினார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. எனக்கு அது அந்தப் பருவத்தின் மிக அறிவார்ந்த செயலாகப் பட்டது. ஆனால் பேரழிவு நாள்கள் நான்கைந்துதான். நான் கவலைப்படுவது மீதியுள்ள எண்பது நாள்களைப் பற்றி. சாதாரண மழை பெய்யும், சாதாரணமாக எல்லோரும் வேலைக்குப் போகும் நாள்கள்.

அந்த 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கடந்து சில நாள்களுக்குப் பிறகு, ஒஸ்லோவிலிருந்து ஒரு நண்பர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சிற்றிதழ்கள் வழியாக அறிமுகமாகி இருபதாண்டுகளாகத் தொடரும் நட்பு. நோர்வேயில் டாக்சி ஓட்டுகிறார். பனிக்கால இரவுகளில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் படிப்பதாகச் சொல்வார். விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்துவர என் மாணவரின் வண்டியில் போயிருந்தேன். தூறல்.

நண்பர் பெட்டியைப் பின்னால் வைக்கப் போனவர், வைக்காமல் குனிந்தார். பின்சக்கரத்தின் வரியில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். முன்சக்கரத்துக்கும் போனார். எனக்குச் சங்கடமாக இருந்தது. மாணவரின் முகம் இறுகியது.

“தம்பி, பின்னுக்கு இது முடியிற கட்டம். மழைக்கு உது காணாது.”

“இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும்ணே.”

“ஓடும். நிக்குமோ?”

மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. பல்லாவரம் தாண்டும் வரை வண்டிக்குள் பேச்சு இல்லை. குரோம்பேட்டை நெரிசலில் நின்றபோது அவராகவே தொடங்கினார். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்றார். ஏ.பி.எஸ். சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பிடிமானத்தை அது உண்டாக்கித் தராது, இருக்கிற பிடிமானத்தைத்தான் பங்கிட்டுத் தரும் என்றார் நண்பர். பிறகு இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். இரண்டு ஓட்டுநர்கள் தம் நிலங்களை ஒப்பிட்டுப் பேசிக்கொள்வதைப் பின்னிருக்கையிலிருந்து கேட்பது ஒரு பேறு.

நண்பர் சொன்னதன் சாரம் இது. அங்கே ஒவ்வொரு காருக்கும் இரண்டு செட் டயர். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. வேறுபாடு வரியில் மட்டுமில்லை, ரப்பரின் கலவையிலேயே இருக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்த்து, குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி செய்கிறார்கள். அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான நுண்பிளவுகள்; பனியைக் கவ்வுவதற்கு அவைதான் பற்கள். 1934இல் பின்லாந்தில் லாரிகளுக்காக இத்தகைய டயரை முதலில் செய்தார்கள். ஆணி பதித்த டயரும் உண்டு. ஆனால் ஆணி தாரைக் கிழித்துத் தூசி கிளப்பி நகரத்துக் காற்றைக் கெடுப்பதால், ஒஸ்லோவுக்குள் ஆணி டயரோடு ஓட்டக் கட்டணம் கட்ட வேண்டும். பருவம் மாறும்போது கழற்றிய டயர்களை வைக்க அடுக்குமாடி வீடுகளில் இடமில்லாதவர்களுக்காக ‘டயர் ஓட்டல்’ நடத்துகிறார்கள்; அவர்கள் மொழியிலும் அதற்கு அதே பெயர்தான். டயர் அங்கே ஆறு மாதம் அறையெடுத்துத் தங்குகிறது. இதைக் கேட்டு மாணவர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்களுக்கே மேன்ஷன்ல இடம் கிடைக்கல.”

எது மிகவும் அபாயம் என்று அவர் கேட்டார். மைனஸ் இருபது, முப்பதாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

“இல்லைத் தம்பி. மைனஸ் இருபதுக்கு நாங்கள் பயப்பிடுறேல்லை. அப்ப பனி காஞ்ச மணல் மாதிரி. பூச்சியத்துக்குத்தான் பயம். பனிக்கட்டிக்கு மேலை மெல்லிசாத் தண்ணி படிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.”

“எங்க முதல் மழை மாதிரி” என்றார் மாணவர், உடனே. நண்பர் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது.

ரப்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிர்கால டயருக்கு அந்த நெகிழ்வைத் தரும் பால், பனியையே கண்டறியாத மரத்திலிருந்து வருவது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நிற்கும் அதே மரம்; உறைபனி விழுந்தால் அது தாங்காது. வெப்பத்தில் மட்டுமே வாழ்கிற மரம், குளிரில் நெகிழ்கிற பொருளைத் தருகிறது. இன்னொன்று: நம்மூரில் ஓடும் பெரிய வண்டிகள் சிலவற்றின் டயரில் எம்.எஸ். என்று இரண்டு எழுத்துகளைக் காணலாம். சேறும் பனியும் என்பதன் சுருக்கம். முதல் எழுத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

அப்படியானால் நாமும் அந்த டயரை வாங்கி மாட்டலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது. அந்த மென்மையான ரப்பர் நம் வெயிலில் விரைவாகத் தேய்ந்துவிடும். சூடான சாலையில் நிறுத்தத் தூரமும் கூடும். நமக்கு வேண்டியது அதைவிட எளிது: சாதாரண டயர், ஆனால் ஆழம் மிச்சமிருக்கும் டயர். நோர்வேயில் குளிர்கால மாதங்களில் காரின் டயரில் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கோடையில் அங்கும் 1.6தான். பருவத்துக்கேற்ப எல்லை மாறுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மானியர்கள் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்று ஒரு வாய்க்கணக்கே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் ஐப்பசி முதல் தை வரை என்று ஒரு கணக்கு இருக்கலாம். சட்டத்திலும் இல்லை, வழக்கத்திலும் இல்லை. சித்திரையில் செல்லுபடியாகும் 1.6 மில்லிமீட்டர் கார்த்திகையிலும் செல்லுபடியாகிறது.

ஏன் மாற்றவில்லை என்று என் மாணவரிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை. அன்று நண்பர் கேட்டார். இறங்கும் இடம் வந்த பிறகும் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு அவர் பதில் சொன்னார். நாளொன்றுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஒரு டயர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கினால் ஏழு மாதத்துக்குள் நான்கு டயர். ஒன்று நாலாயிரத்துக்கு மேல். அதை ஐம்பதாயிரம், ஐம்பத்தைந்தாயிரம் என்று இழுப்பதில்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் இருக்கிறது. ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். வண்டித் தவணை மாதந்தோறும். ஐப்பசியில்தான் தீபாவளி. டயருக்கு எடுத்துவைத்த பணம் துணிக்கடைக்குப் போய்விடுகிறது. மழைநாளில் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். குறைத்தால் செயலியில் அடுத்த சவாரி இன்னொருவருக்குப் போகும். மழைநாளில்தான் சவாரியும் கூலியும் அதிகம். “டயர் தேஞ்சிருக்குன்னு தெரியாம ஓட்டலைண்ணே. தெரிஞ்சுதான் ஓட்டுறேன். அதனாலதான் ரோட்டை இவ்வளவு பார்க்கிறேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விட்டுப் போக மறுக்கிறது. அதுவரை அவருடைய சாலையறிவை நான் வியந்துகொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையின் முற்பகுதியிலும் வியந்துதான் எழுதியிருக்கிறேன். அந்த அறிவு உண்மையானது. ஆனால் அது எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதை அவர் சொன்ன பிறகுதான் அதன் விலை தெரிகிறது. இல்லாத மூன்று மில்லிமீட்டருக்கு ஈடாக ஒரு மனிதர் தம் கண்களையும் கைகளையும் நரம்புகளையும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டிருக்கிறார். நல்ல டயர் உள்ளவர் சாலையை மறந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம். நாம் “என்ன அருமையாக ஓட்டுகிறார்!” என்று சொல்லும்போது, டயருக்கான செலவை அந்தப் புகழ்ச்சியால் தீர்த்துவிடுகிறோம். முல்லைத் தலைவர்களும் பாகனுக்குச் சொற்களைத்தான் தந்தார்கள். செயலி நடத்துகிறவர்களும், சவாரி செய்கிற நானும், ஐந்து நட்சத்திரம் தருகிறோம். ஐந்து நட்சத்திரத்தில் வரிப்பள்ளம் கிடையாது.

இத்தனைக்கும் தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் போனால் ஒரகடம்; அங்கே 2010 முதல் பெரிய டயர் ஆலை ஒன்று இயங்குகிறது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வேறு ஆலைகள். வடக்கே திருவொற்றியூரில், 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கூடம் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. சென்னையைப்போல் டயர் வார்க்கும் ஊர் இந்தியாவில் சிலவே. புத்தம்புது டயர்களை அடுக்கிய லாரிகள் படப்பை வழியாக வரும்போது, அவற்றின் பக்கத்திலேயே மொட்டை டயரோடு ஷேர் ஆட்டோக்களும், முதுகில் உணவுப் பெட்டியோடு இரு சக்கர வண்டிப் பையன்களும் போகிறார்கள். அந்தப் பையன்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கார் வழுக்கினால் நான்கு சக்கரத்தில் வழுக்கும். அவர்களுடைய வண்டி வழுக்கினால் தோள்பட்டையில்தான் நிற்கும். சிலர் பட்டன் தேய்ந்த டயரை ரீபட்டன் போட்டு ஓட்டுகிறார்கள். ரீபட்டன் என்பதே தவறான பொருள் இல்லை. உடல் கெடாத டயரில் முறையாகச் செய்தால் பேருந்துகளும் லாரிகளும் அதில்தான் ஓடுகின்றன, பொதுவாகப் பின்சக்கரங்களில். எந்த உடலின் மேல், யார் செய்தது என்பதே கேள்வி.

நண்பர் ஒஸ்லோ திரும்பிய பின்னும் இருவருக்கும் தொடர்பு இருந்தது. அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முன் மாணவர் இரண்டு டயர் வாங்கினார். நான்கு வாங்க இயலவில்லை. இப்போது ஒரு சிக்கல்: புதியவற்றை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? பஞ்சர் கடையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. எஞ்சின் இழுப்பது முன்சக்கரத்தை, திருப்புவதும் அதைத்தான், பிரேக்கின் பெரும்பாரமும் அங்கேதான். ஆகவே முன்னால் என்பது கடைக்காரரின் கட்சி, தாம்பரத்து ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கட்சியும் அதுவே. பின்னால்தான் போட வேண்டும் என்று ஒஸ்லோவிலிருந்து காணொளி அழைப்பில் வந்து நண்பர் வாதிட்டார். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஓட்டுபவருக்கு உடனே தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், சுழலத் தொடங்கிய பிறகு யாருடைய திறமையும் உதவாது. டயர் நிறுவனங்கள் சொல்வதும் இதுதான். கடைக்காரர் ஒப்பவில்லை. நோர்வேக்காரருக்கு இங்கத்துச் சாலை தெரியாது என்றார். “சாலை தெரியாட்டிலும் சுழலுறது தெரியும்” என்றது கைப்பேசி.

மாணவர் பின்னால்தான் போட்டார். பின்னாலிருந்தவற்றில் சற்று ஆழம் மிச்சமிருந்த ஒன்று ஸ்டெப்னியாக டிக்கிக்குள் போனது. மற்றதைக் கடைக்காரர் ஓரமாகச் சாய்த்துவைத்தார். மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது அது அங்கே இல்லை. பெருங்களத்தூரில் ஓடும் ஒரு பழைய டாக்சிக்காரர் அறுநூறு ரூபாய்க்கு எடுத்துப் போனதாகச் சொன்னார். அன்று காலையில்தான் அந்த ஐப்பசியின் முதல் தூறல் போட்டிருந்தது.